வாப்பாவின் புல்லட்டுக்கு பேரிங் கடைந்து போடலாமா?

கீழக்கரைக்குப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். வளைகுடாவில் வேலை. ஐந்து வார விடுப்பில் வந்திருக்கிறார், அதில் ஒரு வாரம் ஏற்கெனவே போய்விட்டது. அவருடைய வாப்பா 1972-ல் வாங்கிய புல்லட் 350 வீட்டில் நிற்கிறது. வாப்பாவுக்கு இப்போது வண்டி ஓட்டும் வயதில்லை. ஆனால் தெருவில் புல்லட் சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்துவிடுவாராம்.

பல வருடம் கடலோர வீட்டில் ஓடாமல் கிடந்த வண்டி. பதினாறு மாதத்துக்கு முன்பு ஒரு பட்டறையில் எஞ்சினைப் பிரித்து, கிராங்கை (பிஸ்டன் தள்ளச் சுற்றும் தண்டு) தாங்கும் பேரிங்குகளை மாற்றியிருக்கிறார்கள். கூலியும் சாமானும் சேர்த்து 9,500 ரூபாய், பில் கிடையாது, கூகுள் பேயில் பணம். சில நூறு கிலோமீட்டர் ஓடுவதற்குள் அடியில் உறுமல் ஆரம்பித்து, ஃபுட்ரெஸ்ட்டில் கால் வைத்தால் அதிர்வு தெரிகிற அளவுக்குப் போய்விட்டது. இப்போது வேறொரு மெக்கானிக் பிரித்து வைத்திருக்கிறார்.

ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். “பழைய வண்டிக்கு இப்பல்லாம் பேரிங் வர்றதில்ல, வர்றதெல்லாம் டூப்ளிகேட்” என்கிறார் முதல் பட்டறைக்காரர். மண்டபம் ஊரில் விசைப்படகுகளுக்கு சாஃப்ட் புஷ் (தண்டு உரசிச் சுற்றும் உலோக வளையம்) கடையும் ஒருவர், கன்மெட்டல் என்கிற செம்புக் கலவையில் கடைந்து தருகிறேன், ஆயுசுக்கும் கிடக்கும் என்கிறார். மச்சான் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கச் சொல்கிறார். ஸ்பேர்ஸ் கடைக்காரர் ‘சி3’ என்று போட்டிருந்தால் மூன்றாம் தரம், வாங்காதீர்கள் என்றாராம். இப்போதைய மெக்கானிக், கேஸே (கிராங்கும் பேரிங்கும் உட்காரும் எஞ்சின் கூடு) போய்விட்டது, வேறு பழைய கேஸ் வாங்கிப் பூட்டிவிடலாம் என்கிறார். எதைக் கேட்பது, முதல் பட்டறை மேல் வழக்குப் போடலாமா, வண்டியை விண்டேஜாகப் பதிய வேண்டுமா என்பவை கேள்விகள். கூடவே, தாத்தா காலத்து பி.எஸ்.ஏ. (பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்) வைத்திருக்கும் நண்பருக்காக, அதற்கு பேரிங் எங்கே வாங்குவது என்றும் ஒரு கேள்வி.

தம்பி, நீங்கள் அனுப்பிய மூன்று படங்களில் கடைசிப் படம்தான் எனக்கு எல்லாம் சொன்னது. அதைப் பற்றி பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் பெரிய கவலையைத் தீர்த்துவிடலாம்: உங்கள் வண்டிக்கு பேரிங் கிடைக்கும். சாதாரணமாகவே கிடைக்கும்.

புல்லட் பேரிங் என்று கேட்காதீர்கள்

இரண்டாவது படத்தில், பேரிங்கின் வெளி வளையத்தின் பக்கவாட்டில் 6305 என்ற எண் தெரிகிறது. அது புல்லட்டின் எண் அல்ல, உலகம் முழுக்க ஒன்றாக இருக்கும் அளவு எண். கடைசி இரண்டு இலக்கம் 04 அல்லது அதற்கு மேல் என்றால், அதை ஐந்தால் பெருக்கினால் உள் விட்டம் வந்துவிடும்: 05 என்றால் 25 மில்லிமீட்டர். 6305-க்கு வெளி விட்டம் 62, அகலம் 17. தண்ணீர் மோட்டார்களிலும் ஆலை மோட்டார்களிலும் இதே அளவு ஓடிக்கொண்டிருக்கிறது. மோட்டார் சுற்றுகிறவரிடம் சொன்னால், எந்தக் கடையில் என்று அவரே வழி காட்டுவார். எந்த பேரிங் கம்பெனியும் இதைச் செய்வதை நிறுத்தப் போவதில்லை. ‘என்.யு.’ அல்லது ‘என்.ஜே.’ என்று எழுத்தோடு தொடங்கும் உருளை பேரிங்குக்கும் இதே கதைதான்.

ஆகவே மோட்டார் சைக்கிள் ஸ்பேர்ஸ் கடைக்குப் போய் “1972 மாடல் புல்லட்டுக்கு மெயின் பேரிங்” என்று கேட்பதை விடுங்கள். மதுரையில் பேரிங் மட்டும் விற்கும் அங்கீகாரம் பெற்ற டீலரிடம் போய், பழைய பேரிங்கிலுள்ள முழு எண்ணையும், பின்னால் வரும் எழுத்துகளையும் விடாமல், காட்டிக் கேளுங்கள். ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். பட்டறைக்காரர் சொன்னதில் ஒரு பாதி உண்மை: பேரிங்கில் போலி நிறையவே உலவுகிறது. பெட்டி, அச்சு எல்லாம் அசலைப் போலவே இருக்கும், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது எனக்கே கஷ்டம். எஸ்கேஎஃப் கம்பெனி, வாங்கியதைப் படமெடுத்து அனுப்பிச் சரிபார்த்துக்கொள்ள ஒரு செயலியே வைத்திருக்கிறது. விலை பாதியாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இங்கிலாந்திலிருந்து வரவழைத்தாலும் இதே எண்தான் வரும், சுங்கவரியோடு. மச்சானிடம் அன்போடு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சி3 விஷயத்தில் கடைக்காரர் தவறாகச் சொல்லியிருக்கிறார். அது தரம் அல்ல, குண்டுக்கும் தடத்துக்கும் இடையே விடும் இடைவெளி. 25 மி.மீ. உள் விட்டமுள்ள குண்டு பேரிங்கில் சாதாரண இடைவெளி 5 முதல் 20 மைக்ரான், சி3-ல் 13 முதல் 28 மைக்ரான். இறுக்கமாக ஏற்றி, சூட்டிலும் ஓடும்போது உள் வளையம் கொஞ்சம் விரிந்து இடைவெளியைத் தின்றுவிடும் என்பதால்தான் இந்தக் கூடுதல். உங்கள் பழைய பேரிங்கில் சி3 இருக்கிறது, புதியதிலும் அதுவே இருக்கட்டும். உப்புக்காற்று புகாது என்று நினைத்து ரப்பர் சீல் வைத்ததை வாங்கிவிடாதீர்கள். கிராங்க் பேரிங்குக்கு எண்ணெய் வெளியிலிருந்துதான் போய்ச் சேர வேண்டும், மூடி போட்டால் அதைத் தடுத்ததாகிவிடும்.

மண்டபத்துக்காரரின் கன்மெட்டல்

அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. படகு சாஃப்ட் புஷ்ஷில் அந்தப் பக்கத்து லேத்காரர்கள் கைதேர்ந்தவர்கள். ஆனால் அந்த சாஃப்ட் சுற்றும் வேகம் வேறு, உங்கள் கிராங்க் சுற்றும் வேகம் வேறு. அதைவிட முக்கியமாக, வழுவழுப்பாக உரசி ஓடும் புஷ்ஷுக்குத் தொடர்ந்து எண்ணெய் அழுத்தத்தோடு வர வேண்டும். அந்த எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் தண்டு மிதக்கிறது. புல்லட்டில் பம்ப் எண்ணெய் நேராகப் போவது பிக் எண்டுக்கு, அதாவது பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் ராடின் கீழ்முனைக்கு. கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங்குகள் உள்ளே தெறிக்கும் எண்ணெயில் பிழைக்கின்றன. குண்டுக்கும் உருளைக்கும் அந்தத் தெறிப்பு போதும். கன்மெட்டல் புஷ்ஷுக்குப் போதாது. அந்த இடத்தில் அதைப் போட்டால் ராமநாதபுரம் போய்ச் சேருவதற்குள் பிடித்துவிடும்.

குண்டு பேரிங்கையே லேத்தில் செய்துவிடலாமா என்றும் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். முடியாது. ஒரு சதவீதம் கார்பனும் ஒன்றரை சதவீதம் குரோமியமும் சேர்ந்த எஃகு, ராக்வெல் சி என்ற கடினத்தன்மை அளவில் 60-க்கு மேல் கடினமாக்கி, மைக்ரான் கணக்கில் அரைத்த தடம். லேத் எவ்வளவு நல்ல கையில் இருந்தாலும் இது அதன் வேலை இல்லை.

ஆனால் அவரிடம் தாராளமாகக் கொடுக்கக்கூடிய வேலைகள் உண்டு. பிஸ்டன் பின் நுழையும் சின்ன புஷ் அதில் ஒன்று. பாஸ்பர் பிரான்ஸில் கடையச் சொல்லுங்கள், பித்தளையில் வேண்டாம். ராடில் அழுத்திய பிறகு எண்ணெய்த் துளையைப் போட்டு, பின் வைத்துப் பார்த்து ரீமர் (துளையை நுணுக்கமாகப் பெரிதாக்கும் கருவி) விட வேண்டும். பின் விரலால் தள்ளினால் போக வேண்டும், தானாக நழுவி விழக் கூடாது. பேரிங்கைக் கழற்றவும் பூட்டவும் வேண்டிய தண்டு, வளையம், புல்லர் எல்லாம் அவரே அழகாகச் செய்து கொடுப்பார்.

பிக் எண்டு பற்றி ஒரு சந்தேகத்தை நீக்கிவிடுகிறேன். ராடைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்து ஆடுகிறது, போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். புல்லட்டில் அங்கே இருப்பது மிதக்கும் புஷ். கிராங்க் பின்னோடும் ஒட்டாமல் ராடோடும் ஒட்டாமல் நடுவில் அதுவும் சுற்றும். ராடை நேர் மேலே இழுத்து, நேர் கீழே அழுத்திப் பாருங்கள். ‘டக்’ என்று விரலில் ஒரு தட்டு தெரிந்தால் போய்விட்டது. அப்படியிருந்தால் ராடு, பின், புஷ் மூன்றும் சேர்ந்த கிட்டாக வாங்கிவிடுங்கள். உங்கள் வண்டியில் இருக்கும் இரும்பு பேரல் எஞ்சின் 2009-10 வாக்கு வரை இந்தியாவில் தயாரானதால் அதற்குப் பஞ்சமில்லை. தட்டு தெரியாவிட்டால் தொட வேண்டாம்.

சிலர் ரோலர் பிக் எண்டு மாற்றச் சொல்வார்கள். வேகமாக விரட்டுகிறவர்களுக்கு அது நல்லதுதான். வாப்பாவின் வண்டி போகப் போகிற வேகத்துக்குப் பழைய புஷ்ஷே போதும், சுத்தமான எண்ணெய் வந்தால். அது வருமா வராதா என்பதை டைமிங் கவருக்குள் இருக்கும் ஒரு கார்க் சீல் தீர்மானிக்கிறது. கிராங்குக்குள் எண்ணெய் போகும் வாயைச் சுற்றிக் கசியாமல் பிடித்து நிற்கும் சின்னத் துண்டு. ஒவ்வொரு முறை கவரைக் கழற்றும்போதும் புதிது போடச் சொல்லுங்கள். அதை மிச்சம் பிடித்துப் பிக் எண்டைத் தொலைத்தவர்கள் ஏராளம்.

இரண்டாம் முறை ஏன் போனது?

இப்போது அந்த மூன்றாவது படம். பேரிங் உட்காரும் அலுமினியக் குழியின் உள்சுவரில் சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிகின்றன பாருங்கள். சென்டர் பஞ்ச் வைத்து அடித்தவை. அவற்றுக்கு நடுவே சுவர் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது.

அதாவது, போன முறையே குழி தளர்ந்திருக்கிறது. புது பேரிங் லூசாக உட்கார்ந்ததால், பஞ்ச் அடித்து மேடு எழுப்பி, அந்த மேடுகளின் மேல் இறுக்கியிருக்கிறார்கள். நம் பக்கத்துப் பட்டறைகளில் பழைய பழக்கம் இது. அன்றைக்கு டைட்டாகத்தான் இருக்கும். ஓட ஓட மேடுகள் மழுங்கி, வெளி வளையம் குழிக்குள் சுற்ற ஆரம்பிக்கும். அந்தப் பளபளப்பு அதன் சாட்சி. கிராங்க் மையம் விலகி ஆடும், உறுமல் வரும். அசல் பேரிங் போட்டிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கலாம். கழற்றிய பேரிங்கை மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவி, உலரவிட்டு, விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். காற்றடித்துச் சுழற்ற வேண்டாம். தடத்தில் குண்டுக்குக் குண்டு ஒரே இடைவெளியில் பழுப்புக் குழிகள் தெரிகின்றனவா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஓடாமல் நின்ற காலத்தில் ஈரமும் உப்பும் உள்ளே இறங்கி, குண்டு நின்ற இடத்தில் அரித்த தடம் அது. போன வருடம் போட்ட பேரிங்கில் இது இருந்தால், வண்டி வெளியே போகாமல் நின்றபடியே இருந்திருக்கிறது, அல்லது எங்கோ கிடந்த பழைய பேரிங்கைப் போட்டுவிட்டார்கள்.

சரி, தீர்வு என்ன? தளர்வு மிகச் சிறியதாக, புள்ளி அடிக்காத சுவராக இருந்திருந்தால் பேரிங்கைப் பிடிக்க வைக்கும் பசையே போதும். உங்கள் கேஸ் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. ஸ்லீவ் போட வேண்டும்: குழியை அகலப்படுத்தி, வளையம் இறக்கி, சரியான அளவுக்குத் திரும்பக் கடைவது. இதைச் செய்யும்போது கேஸின் இரண்டு பாதியையும் சேர்த்துப் பூட்டி, இரண்டு பக்கமும் ஒரே நேர்கோட்டில் வரும்படி போர் பண்ண வேண்டும். ஒரு பாதியை மட்டும் தனியாகக் கொண்டு வா என்கிற பட்டறையை விட்டு வந்துவிடுங்கள். ஸ்லீவ் அலுமினியமாக இருந்தால் சூட்டில் கேஸோடு சேர்ந்து விரியும். இரும்பென்றால் இறுக்கத்தைக் கூடுதலாக வைக்க வேண்டும். எதில் போடப் போகிறார், எவ்வளவு இறுக்கம் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மதுரையிலோ கோயம்புத்தூரிலோ அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

அதே இடத்தில் கிராங்கையும் டயல் கேஜில் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கத் தண்டும் 0.05 மி.மீ.-க்கு மேல் ஆடக் கூடாது. நல்ல கை 0.02-க்குக் கொண்டுவந்துவிடும். கோணலான கிராங்க் எந்த பேரிங்கையும் தின்னும்.

பூட்டும்போது சுத்தியல் கூடாது. கேஸை அடுப்பில் வைத்து 110 டிகிரி வரை சூடாக்குங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுர்ரென்று பறக்க வேண்டும். 62 மி.மீ. அலுமினியக் குழி அந்தச் சூட்டில் கிட்டத்தட்ட 0.11 மி.மீ. விரியும். பேரிங்கை பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஐஸ் பெட்டியில் வைத்திருந்தால் அது தன் பங்குக்குச் சுருங்கியிருக்கும். தானாகவே ‘தொப்’ என்று உட்காரும். பையிலிருந்து எடுத்ததும் எண்ணெய் தடவிவிடுங்கள், உங்கள் ஊர்க் காற்றில் குளிர்ந்த எஃகு நொடியில் வியர்த்துவிடும்.

வேறு கேஸ் வேண்டவே வேண்டாம்

எஞ்சின் எண் அந்தக் கேஸில்தான் இருக்கிறது. அதை மாற்றினால் ஆர்சி புத்தகத்தோடு ஒத்துப்போகாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி அனுமதியில்லாமல் அப்படி மாற்றுவது குற்றம். எங்கிருந்தோ வந்த கேஸ் திருட்டு வண்டியுடையதாக இருந்தால் தொல்லை இன்னும் பெரிது. நீங்கள் வெளிநாட்டில் இருக்கும்போது ஸ்டேஷனில் போய் நிற்கப் போவது வாப்பா. அதுபோக, கேஸின் இரண்டு பாதியும் சேர்த்துக் கடைந்த ஜோடி. ஒரு பாதியை மட்டும் மாற்றினால் நேர்கோடு போய்விடும்.

விண்டேஜ் பதிவுக்கு அவசரம் இல்லை. 2021 ஜூலையில் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு அது கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000. பழைய நம்பரையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பராமரிப்பு என்று சில காரியங்களுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்க முடியும். சாதாரண ஆர்சி ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்து உயிரோடு இருந்தால், கடைத்தெருவுக்குக்கூட அதிலேயே போகலாம். உங்கள் ஆர்சியின் தேதியை முதலில் பாருங்கள்.

வழக்கு

உங்களுக்கு உரிமை உண்டு. கூலி கொடுத்துச் செய்த வேலையில் குறை இருந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டும், உங்களுக்கு இன்னும் எட்டு மாதம்போல இருக்கிறது. ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. பில் இல்லாவிட்டாலும் கூகுள் பே பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் ஆதாரம்தான். 1915 என்ற உதவி எண்ணில் முதலில் கேட்டுக்கொள்ளலாம்.

செய்ய வேண்டுமா என்றால், என் கருத்து வேறு. எஞ்சினை இப்போது வேறொருவர் பிரித்துவிட்டார். “அந்தப் புள்ளியை நான் அடிக்கவில்லை” என்று முதல் பட்டறைக்காரர் சொன்னால் நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். விசாரணைக்கு நாள் கொடுக்கும்போது நீங்கள் துபாயிலோ தோஹாவிலோ இருப்பீர்கள். போலி பேரிங்கைத் தெரிந்தே விற்றார் என்பதற்கும் இதில் ஒன்றும் இல்லை. ஸ்லீவ் வேலையைத் தொடங்கும் முன் குழியை நல்ல வெளிச்சத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள், பழைய பேரிங்கைத் தூக்கிப் போடாதீர்கள். அவரிடம் நேரில் போய்ப் படத்தைக் காட்டி, ஸ்லீவ் செலவில் பாதி கேளுங்கள். ஊர்ப் பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. மறுத்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான்கு வாரம்

மெஷின் ஷாப்பில் ஸ்லீவும் கிராங்க் வேலையும் முடியவே இரண்டு மூன்று வாரம் ஆகலாம். கிளம்புவதற்குள் ஓட வேண்டும் என்று விரட்டினால், போன முறை நடந்ததே நடக்கும். முடியாவிட்டால், கிராங்குக்கும் கேஸுக்கும் கெட்டியாக கிரீஸ் தடவி, பாலித்தீனில் சுற்றி, தரையில் இல்லாமல் பரணில் வைத்துவிட்டுப் போங்கள். அடுத்த விடுப்பில் பூட்டலாம். வாப்பாவிடம் நீங்களே உட்கார்ந்து சொல்லுங்கள், மெக்கானிக் மூலமாகப் போக வேண்டாம்.

முடிந்துவிட்டால்: உங்கள் தம்பி வாராவாரம் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்துவார் என்று எழுதியிருந்தீர்கள். அதை நிறுத்தச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் எஞ்சின் முழுச் சூடு ஏறாது. உள்ளே கூடிய நீராவி எண்ணெயில் கலந்து பேரிங்கைத்தான் அரிக்கும். மாதம் ஒரு முறை ராமநாதபுரம் போய் வரட்டும், அந்தத் தூரம் போதும். அதற்கும் ஆளில்லை என்றால் புது எண்ணெய் மாற்றி, பிஸ்டன் மேலே வந்து இரண்டு வால்வும் மூடிய நிலையில் நிறுத்தி, சைலன்சர் வாயையும் கார்புரேட்டர் வாயையும் எண்ணெய்த் துணியால் அடைத்து விடுங்கள்.

கடைசியாக, நண்பரின் பி.எஸ்.ஏ. அவர் விஷயம் வேறு, அங்கே உங்கள் மச்சான் சொன்னது சரியாகிறது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் எஞ்சின்களில் அங்குல அளவு பேரிங்குகள் இருக்கும். ஆர்எம்எஸ் 8 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்: உள்ளே 1 அங்குலம், வெளியே 2½, அகலம் ¾. மில்லிமீட்டரில் 25.4, 63.5, 19.05. நம் 6305-க்கு வெகு பக்கத்தில் இருப்பதால், யாராவது ஒருவர் கண்டிப்பாக “தண்டைக் கொஞ்சம் தேய்ச்சிட்டு 6305-ஐ ஏத்திடலாம்” என்பார். தண்டில் 0.4 மி.மீ. போய்விட்டால் திரும்ப வராது, வெளியே 0.75 மி.மீ. தடிமனில் ஒரு தகட்டு வளையமும் அகலத்துக்கு 2 மி.மீ. வாசரும் சேர்க்க வேண்டியிருக்கும். அங்குல பேரிங்குகள் இங்கிலாந்தில் இன்றும் விற்பனையில் உள்ளன. விலை அதிகம்தான், இருந்தாலும் அந்த ஒரு வண்டிக்கு வரவழைப்பதே சிக்கனம். எண்ணைப் பார்க்க எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டும். ஆனால் இப்போது ஒழுங்காக ஓடுகிறது, சத்தம் எதுவும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பிரிக்கவே வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.